படிக்காமல் எண்ணிய புத்தகம்

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, அரிய நூல்களை ஆழ்ந்து படித்தவர் என்றார். அதை முதலிலேயே திருத்திவிடுகிறேன். விளக்க நூலியலில், அதாவது ஒரு பழைய புத்தகம் எப்படி அச்சிட்டுக் கட்டப்பட்டது என்று விவரிக்கும் துறையில், நான் போய்வந்த ஐந்து நாள் உயர்நிலைப் பயிற்சியில் ஒரு புத்தகத்தைக்கூட நான் படிக்கவில்லை. எண்ணினேன், அளந்தேன், தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அரை நாள் அது என் கையில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். மேசையில் ஒரு பழைய குவார்ட்டோ, அதாவது ஒவ்வொரு முழுத்தாளையும் நான்கு ஏடாக மடித்துக் கட்டிய புத்தகம். அதில் கே என்ற எழுத்திட்ட மடிப்பைத் திறந்தால், முதுகுப் பக்கம் விரல் நகம் அகலத்துக்கு ஒரு தாள் விளிம்பு நின்றது. யாரோ கத்தியால் அறுத்தது போல நேரான விளிம்பு. நூல் பட்டியல் எழுதிய பல வருடப் பழக்கத்தில் நான் உடனே எழுதினேன்: “ஓர் ஏடு கிழிக்கப்பட்டுள்ளது.” ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். “எத்தனை ஏடு இருக்க வேண்டும்?” என்றார். நான்கு என்றேன். “எத்தனை இருக்கிறது?” எண்ணினேன். நான்கு. “அப்புறம் எது கிழிந்தது?”

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குவார்ட்டோ என்றால் ஒரு முழுத்தாளை இரண்டு முறை மடித்தது. நான்கு ஏடு, எட்டுப் பக்கம். முதல் ஏடும் நான்காவதும் முதுகில் ஒட்டிப் பிறந்தவை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. இந்தப் புத்தகத்தில் இரண்டாவதின் கூடப்பிறந்த மூன்றாம் ஏட்டை அறுத்து எடுத்துவிட்டு, மிஞ்சிய விளிம்பில் வேறோர் ஏட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒளித்தகட்டின் மேல் வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. கையால் செய்த தாளில் தாள் வார்த்த சட்டத்தின் கம்பிகள் பதித்த கோடுகள் தெரியும். மற்ற ஏடுகளில் அந்தக் கோடுகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர், இந்த ஒன்றில் 21. தாளே வேறு.

அதாவது வாசகர் யாரும் எதையும் கிழிக்கவில்லை. அச்சகத்திலேயே, அந்த ஏட்டில் இருந்த ஏதோ பிழைக்காகவோ வம்புக்காகவோ அதை நீக்கி, புதிதாக அச்சடித்துச் சேர்த்திருக்கிறார்கள். இதை விளக்க நூலியலில் ஒரே வரியில் எழுதிவிடலாம்: கே⁴(±கே3). நான்கு ஏடுள்ள கே மடிப்பு, அதில் மூன்றாவது நீக்கப்பட்டு மாற்றப்பட்டது. நான் எழுதியது ‘குறை’. அந்தக் குறி சொல்வது அச்சகத்தில் நடந்த ஒரு சம்பவம்.

நம் அச்சகங்களில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது புதிதல்ல. எத்தனை பாரம், அதாவது எத்தனை முழுத்தாள், என்றுதானே அங்கே பேச்சு? பக்கக் கணக்கில் யார் எண்ணுகிறார்கள்? பழைய ஐரோப்பிய அச்சகமும் அப்படித்தான். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஏ, பி, சி என்று எழுத்து போடுவார்கள். கட்டுபவர் வரிசை தவறக்கூடாது என்பதற்காக. பெரும்பாலும் 23 எழுத்துதான் வரும். ஜே கிடையாது, டபிள்யூ கிடையாது, யு, வி இரண்டில் ஒன்றுதான். இது தெரியாதவர் ஐ-க்கு அடுத்து கே வந்ததும் ஒரு மடிப்பே காணோம் என்று பதறுவார். நானும் ஒரு காலத்தில் பதறியவன்தான்.

இன்னொன்று. குவார்ட்டோ, ஆக்டேவோ என்பவை அளவுகள் அல்ல, மடிப்பு முறைகள். இரண்டாக மடித்த ஃபோலியோவில் கம்பிக் கோடு நெட்டாக ஓடும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் தாள் முத்திரையான நீர்க்குறி ஏட்டின் நடுவில் இருக்கும். குவார்ட்டோவில் கோடு குறுக்காக ஓடும், நீர்க்குறி முதுகு மடிப்பில் பாதி பாதியாகத் தெரியும். மூன்று முறை மடித்த ஆக்டேவோவில் கோடு மறுபடி நெட்டு, நீர்க்குறி முதுகோரம் மேல்மூலையில் ஒளிந்திருக்கும். ஓரத்தை எவ்வளவு வெட்டியிருந்தாலும் இது மாறாது. அளவுகோலை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

இந்தக் குறிமுறையை விரிவாக வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்கரான ஃபிரெட்சன் பவர்ஸ். 1949இல் வந்த அவருடைய நூல்தான் இன்றும் மேசையில் கிடக்கிறது. சுலபமான வாசிப்பு என்று சொல்லமாட்டேன். தூக்கம் வராதவர்களுக்கு நல்லது. ஆனால் அதில் ஆணிவேரான ஒரு கருத்து உண்டு. நம் கையில் இருக்கும் பிரதியை மட்டும் விவரித்தால் போதாது. அச்சடித்தவர் முழுமையானது என்று வெளியே அனுப்பிய வடிவம் என்ன? பல பிரதிகளைப் பார்த்து அதைத்தான் எழுத வேண்டும். கடைசியில் ஒரு வெற்றேடு இருந்தால் அதுவும் புத்தகத்தின் பகுதிதான். கட்டுபவர் அதை வீண் என்று கிழித்துப் போட்டிருந்தால், அது இந்தப் பிரதியின் குறை என்று தனியே எழுத வேண்டும்.

ஏன் பல பிரதிகள்? கை அச்சில் ஓட்டத்தின் நடுவே பிழை கண்டால் இயந்திரத்தை நிறுத்தித் திருத்துவார்கள். அதுவரை ஓடிய தாளை எறியமாட்டார்கள், தாள் விலை அப்படி. திருத்தியதும் திருத்தாததும் கலந்துதான் கட்டப்படும். வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பு 82 பிரதிகள் இருக்கின்றன. ஆய்வாளர் சார்ல்ட்டன் ஹின்மன் அவற்றில் 50க்கும் மேற்பட்டவற்றைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். அதற்காகவே ஒரு கருவியும் செய்தார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தைக் கண்ணாடிகள் வழியே ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டி, விளக்கை மாற்றி மாற்றிப் போடும். வித்தியாசம் உள்ள இடம் மட்டும் கண் சிமிட்டுவது போலத் துடிக்கும். 1963இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு காற்புள்ளிக்காக இவ்வளவா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

மூன்றாம் நாளுக்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டு. உண்மையில் ‘உயர்நிலை’ என்ற பெயர் இங்கேதான் பொருந்துகிறது. இயந்திரத் தாளில் நமக்குப் பழகிய அந்தக் கோடுகள் கைகொடுக்காது. கோத்த எழுத்திலிருந்து உலோகத் தகடு வார்த்து, அதே தகட்டில் வருடக்கணக்காக அச்சடித்தார்கள். முகப்பில் ஆண்டு மாறாமலே மறுபடி மறுபடி ஓட்டியதும் உண்டு. எது முந்தியது? ஒரே வருடம் போட்ட இரண்டு பிரதிகளைக் கொடுத்தார்கள். பூதக்கண்ணாடியில் ஒன்றரை மணி நேரம் தேடிய பிறகு, 112ஆம் பக்கத்தில் ஓர் ஆங்கில ஈ எழுத்தின் குறுக்குக் கோடு ஒன்றில் முழுதாகவும் மற்றதில் உடைந்தும் இருந்தது. உடைந்ததுதான் பிந்தியது என்று துள்ளிக் குதித்தேன். “ஒன்று போதாது, தகட்டைப் பழுதுபார்த்திருக்கலாமே” என்றார் ஆசிரியர். சரி, மறுபடி உட்கார்ந்தேன். மாலைக்குள் இன்னும் நான்கு சேதங்கள் அகப்பட்டன. ஐந்தும் ஒரே திசையைக் காட்டின.

தாளைப் பார்த்தே பொய்யைப் பிடித்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். தாமஸ் வைஸ் பிரிட்டனில் பெரும் பெயர் எடுத்த சேகரிப்பாளர். ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பிரௌனிங்கின் காதல் கவிதைகளுக்கு 1847 என்று ஆண்டு போட்ட ஒரு சிறுநூல் உட்பட, பல ‘முதல் பதிப்புகள்’ அவர் வழியாகச் சந்தைக்கு வந்தன. புத்தக வணிகர்களான ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் அவற்றின் தாளைச் சோதித்தார்கள். எஸ்பார்ட்டோ புல் கூழும் இரசாயன மரக்கூழும் அகப்பட்டன. அந்த ஆண்டுகளில் அங்கே அப்படித் தாள் செய்யவே இல்லை. 1934இல் புத்தகம் போட்டார்கள். அதில் வைஸைக் குற்றவாளி என்று நேராகச் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

யார் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். அடிப்படைப் பயிற்சி முடிக்காமல் போகாதீர்கள், முதல் நாளே மூச்சு முட்டும். 1983இல் டெர்ரி பெலாஞ்சர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1992இல் வர்ஜீனியாவுக்கு மாறிய அரிய நூல் பள்ளி இந்த ஐந்து நாள் முறைக்குப் பெயர்பெற்றது. பென்சில், பூதக்கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல் போதும். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஊர் திரும்பியதும் என் பழைய பட்டியலை எடுத்தேன். ‘ஓர் ஏடு கிழிக்கப்பட்டுள்ளது’ என்று நான் எழுதிய பதிவுகள் 40. இதுவரை 11 புத்தகங்களைத் திறந்து எண்ணியிருக்கிறேன். எட்டில் ஏடு உண்மையாகவே இல்லை. மூன்றில் எல்லாம் இருக்கிறது. மீதி 29 அலமாரியில் காத்திருக்கின்றன. தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. அந்த ± குறியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்லி முன்வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். சாக்பீஸ் இருந்தால் கொடுங்கள்.