தெருமுனையில் இன்னொரு நாய்

நேயர்களே, வணக்கம். விடியற்காலை நாலே முக்காலுக்கே எழுந்து, வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, வேறு நாய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தங்கள் நாயை வெளியே கூட்டிவருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். நானும் பல மாதம் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கு நான் பேசப்போவது முக்கியமாக அவர்களோடுதான்.

எங்கள் வீட்டில் இருப்பவன் மணி. சிப்பிப்பாறை, ஆண், ஒன்றே முக்கால் வயது. வீட்டுக்குள் அவனைப் போலச் சாதுவைப் பார்க்க முடியாது, என் மகள் படிக்கும்போது அவள் மடியில் தாடையை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போவான். ஆனால் ஒன்பதாவது மாதம் வாக்கில் தெருவில் இன்னொரு நாயைக் கண்டாலே ஆள் மாறிவிட்டான். கயிற்றின் நுனிவரை பாய்ந்து, பின்னங்காலில் எழுந்து, தொண்டை கிழியக் குரைப்பான், என் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்துபோகும். பக்கத்து வீட்டு அக்கா, "இத எதுக்குப்பா வளக்குற, ஊர்லயே விட்ரு" என்று சொன்ன நாளில் உண்மையிலேயே அழுதுவிட்டேன்.

இளம் நாய் இப்படிச் செய்தால் திமிர், முரட்டுத்தனம் என்றுதான் எல்லோரும் முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் அது பயம். கிட்டே வராதே, தூரப் போ என்பதைத்தான் அது குரைத்துச் சொல்கிறது. சில நாய்களுக்கு இதற்கு நேர்மாறு: ஓடிப்போய் விளையாட ஆசை, கயிறு விடவில்லை, அந்த ஆற்றாமை குரைப்பாக வெடிக்கிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மணிக்கு முதலாவது.

எங்கிருந்து வந்தது இந்தப் பயம்? மூன்று வாரம் முதல் பதினாலு வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தைப் பார்த்து, இது சாதாரணம், இதற்குப் பயப்பட வேண்டாம் என்று படிக்கிற காலம். நம் ஊரில் பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பயந்து தடுப்பூசி எல்லாம் முடியும்வரை குட்டியை வெளியே விடுவதில்லை, அது நியாயமான பயம்தான், ஆனால் ஊசி முடியும்போது அந்தக் காலமும் முடிந்துவிடுகிறது. தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் கடைத்தெருவையும் மற்ற நாய்களையும் தூரத்திலிருந்து காட்டியிருக்கலாம். அப்போது எனக்கு அது தெரியாது. இப்போது குட்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

அதோடு வயசும் சேர்ந்துகொள்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை நாய்க்கு விடலைப் பருவம். 2020இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றதும் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லுக்கு மட்டும் குறைவாகக் கீழ்ப்படிந்தன, அறிமுகமில்லாதவர் சொன்னால் கேட்டன. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அந்தப் பருவம் கடந்துபோகும், ஆனால் அதற்குள் பழகிப்போன பயம் தானாகக் கடந்துபோகாது.

நான் செய்த பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். நாய் பழக்குகிறவர் ஒருவர், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினைக் கொடுத்து, நாய் குரைத்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுங்கள் என்றார். இரண்டு மாதம் இழுத்தேன். குரைப்பு கொஞ்சம் குறையத்தான் செய்தது. ஆனால் மணியின் கணக்கை யோசித்துப் பாருங்கள்: இன்னொரு நாய் கண்ணில் பட்டது, அடுத்த நொடி கழுத்து வலித்தது. சாப்பாட்டுக்கு முன் மணி அடித்து அடித்துப் பழக்கினால், பிறகு அந்த மணியோசைக்கே நாயின் வாயில் எச்சில் ஊறுமே, அதற்கும் இதற்கும் ஒரே விதிதான், ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று வந்துகொண்டே இருந்தால் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. நாய் என்றாலே வலி என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதைவிட மோசம், அவன் உறுமுவதை நிறுத்திவிட்டான். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் பயம் உள்ளேயே இருக்கும், ஒருநாள் சத்தமே இல்லாமல் கடியாக வரும். அந்தச் செயினைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

சரி, பிறகு என்ன செய்தோம்? எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கண்மாய் இருக்கிறது, மதுரைப் பக்கத்துக் கண்மாய்களைப் போல வருஷத்தில் பாதி நாள் வறண்டே கிடக்கும். கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி. முயலைக் கண்ணால் கண்டு துரத்தவே வளர்த்த இனம் சிப்பிப்பாறை, எனக்கு முன்னால் அவன் பார்த்துவிடுவான், தெருவில் அதுதான் பெரிய தொல்லை. கரையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். முதல் நாள் சுமார் ஐம்பது அடியில் ஒரு நாய் போனது, வெடித்துவிட்டான். மறுநாள் நூறு அடிக்கும் அப்பால் போய் நின்றோம். நாயைப் பார்த்தான், குரைக்கவில்லை. அந்த நொடியே பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று வாயில். இன்னும் பார்க்கிறானா, இன்னொன்று. அந்த நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். உட்காரவோ என்னைப் பார்க்கவோ சொல்லவில்லை. நாய் தெரிந்தால் கோழி வரும், அவ்வளவுதான் பாடம்.

இதில் வரிசை பிசகக் கூடாது. நாய் முதலில், கோழி பிறகு. நாம் நாயைப் பார்த்துப் பதறி முன்கூட்டியே பையில் கைவிட்டால், பை சத்தமே அவனுக்கு அபாயச் சங்கு ஆகிவிடும். இப்படி லஞ்சம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்பார்கள். லஞ்சம் இல்லை, அங்கே மாறுவது நாயின் பயம். பயந்த குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தால் அதன் பயம் அதிகமாவதில்லையே. சைவ வீடாக இருந்தால் பனீர் போதும். உப்பு, காரம், வெங்காயம் சேர்ந்தது வேண்டாம், திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

எவ்வளவு தூரம் தேவை என்பதை நாயின் வாய் சொல்லும். நாக்கைத் தொங்கவிட்டு லேசாக இரைத்துக்கொண்டு வருகிறவன், இன்னொரு நாயைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடுவான். காது முன்னால் வரும், ஒரு முன்னங்கால் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும், வால் விறைக்கும். குரைப்பு அதற்கும் பிறகுதான். வாய் மூடினபடியே இருந்து, கொடுத்த கோழியையும் வாங்கவில்லை என்றால் நீங்கள் மிகக் கிட்டே வந்துவிட்டீர்கள், திட்டாமல் திரும்பி நடந்துவிடுங்கள். அந்த நிலையில் நாய்க்குப் பாடம் ஏறாது.

திரும்பி நடப்பதையும் முதலில் வீட்டுக்குள் பழக்க வேண்டும். "வா போலாம்" என்று உற்சாகமாகச் சொல்லி, வந்தால் ஒரு துண்டு. ஹாலில், மாடியில், அப்புறம் ஆளில்லாத சந்தில், நூறு தடவை. ஆபத்து நேரத்தில் முதன்முதலாகச் சொன்னால் அது காதிலேயே விழாது.

வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் எதிரே வருகிற நாயும் கயிற்றில்தான் வரும், அந்த ஆள் ஒதுங்கிப்போவார். நம் தெருவில் டீக்கடை நாய் இருக்கிறது, ரேஷன் கடை வாசலில் மூன்று இருக்கின்றன, அவற்றுக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் நுழைகிறவர்கள் நாம்தான். எந்த நாய் எங்கே படுக்கும், எத்தனை மணிக்கு எழும் என்று ஒரு வாரம் மணியைக் கூட்டிப்போகாமல் தனியாக நடந்து பார்த்துக்கொண்டேன். பலன் இருந்தது. நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னால் ஒதுங்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. கிட்டே வருகிற தெருநாய்க்குப் பக்கவாட்டில் ஒரு பிடி பிஸ்கட் வீசிவிட்டு, அது முகர்ந்துகொண்டிருக்கும்போது விலகிவிடலாம். கல்லை மட்டும் எடுக்காதீர்கள், உங்கள் பதற்றத்தையும் சேர்த்துத்தான் உங்கள் நாய் படிக்கிறது. தெருநாய்கள் பல நம் வீட்டு நாய்களைவிட நாகரிகமானவை, எதிரே வரும்போது முகத்தைத் திருப்பி, வளைந்து ஒதுங்கிப்போகும். தப்பித்தவறி உங்களைக் கடித்துவிட்டால் காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கும் ரேபிஸ் ஊசி தவறக் கூடாது.

கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் ஹார்னஸ், ஆறு அடிக் கயிறு, அதுவும் தளர்வாக. கயிறு இறுகினால் அவன் உடம்பும் இறுகும்.

இன்னொன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாய் ஒருநாள் பழையபடி வெடிக்கும், மனது விட்டுப்போகும். முந்தின நாளை யோசித்துப் பாருங்கள். தீபாவளி வெடி, வீட்டில் விருந்தாட்கள், காலையிலேயே எங்கோ ஒரு நாய்ச் சண்டை என்று பதற்றம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும், அது வடிய நேரம் வேண்டும். அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த இரண்டு நாள் நாங்கள் வாக்கிங் போவதே இல்லை. பழைய கோணிச்சாக்கை விரித்து மடிப்புகளுக்குள் அவன் சாப்பாட்டைத் தூவி விடுவேன், அரை மணி நேரம் மூக்காலேயே தேடித் தின்றுவிட்டு அசந்து தூங்குவான். திடீரென்று குணம் மாறினால் மருத்துவரிடமும் காட்டுங்கள், காது வலியும் மூட்டு வலியும் உண்ணிக் காய்ச்சலும்கூட நாயைச் சிடுசிடுக்க வைக்கும்.

ஏழு மாதமாகிறது. நூறு அடி இப்போது முப்பதாகியிருக்கிறது. பெரிய கறுப்பு நாய் ஒன்று இருக்கிறது, அதற்கு இன்னும் அறுபது அடியாவது வேண்டும். போன வாரம் கண்மாய்க் கரையில் நாட்டு நாய் ஒன்று ஆட்டுக் கூட்டத்தின் பின்னால் வந்தது. மணியின் வாய் மூடியது, முன்னங்கால் தூக்கியது, நான் பேசாமல் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியிருப்பேன், காலைக் கீழே வைத்தான், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாய் திறந்திருந்தது.