சிசிஎன்ஏ-வை ஸ்கீமால எங்க போடணும்? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒரு நண்பர் கேட்டிருக்காரு. "நெட்வொர்க்கிங் கோச்சிங் சென்டர் நடத்துறேன். வெப்சைட்ல ஸ்கீமா போடும்போது, கோர்ஸ் முடிச்சா கிடைக்கிற சர்டிபிகேட்டுன்னு சிசிஎன்ஏ-வைக் குடுத்துட்டேன். சரிதானா? இதை வச்சு கம்பெனிக்காரங்க என் ஸ்டூடன்ட்ஸோட சர்டிபிகேட்டை செக் பண்ணிக்கலாமா?"

ரெண்டுக்குமே இல்லைங்கிறதுதான் பதில்ங்க. புதுசா கேக்குறவங்களுக்கு: சிசிஎன்ஏ, சிஸ்கோ கம்பெனி குடுக்கிற நெட்வொர்க்கிங் சர்டிபிகேட். ஸ்கீமா, வெப்பக்கத்துல இருக்கிறது என்னன்னு கூகுள் மாதிரி தேடுற மெஷினுக்குப் புரியுறதுக்காக எழுதுற குறியீடு.

அந்தக் குறியீட்டுக்கான பொதுச் சொற்பட்டியல்தான் ஸ்கீமா டாட் ஆர்க், 2011-ல கூகுள், பிங், யாஹூ மூணு பேரும் சேர்ந்து கொண்டுவந்தது. அதுல 'கோர்ஸ்' ஒரு டைப், அதாவது ஒரு வகை. சர்டிபிகேட், பட்டம் மாதிரியானதுக்கு 'எஜுகேஷனல் ஆக்குபேஷனல் கிரெடென்ஷியல்' தனி டைப். பேரு ரயில் வண்டி மாதிரி நீளம், காப்பி பேஸ்ட் பண்ணிக்கங்க.

ஒவ்வொரு டைப்லயும் விவரம் நிரப்புற கட்டங்களுக்கு ப்ராப்பர்ட்டின்னு பேரு. நீங்க கோர்ஸ்ல போட்டிருக்கிற ப்ராப்பர்ட்டி, 'எஜுகேஷனல் கிரெடென்ஷியல் அவார்டட்'. இந்தக் கோர்ஸை முடிச்சாலே கைக்கு வர்றதைத்தான் அங்க சொல்லணும். சிசிஎன்ஏ அப்படியா வருது? 200-301 எக்ஸாம் பாஸ் பண்ணணும், குடுக்கிறது சிஸ்கோ. உங்ககிட்ட படிச்சவருக்கும் அதேதான், வீட்ல உக்காந்து வீடியோ பாத்துப் படிச்சவருக்கும் அதேதான். அதனால அங்க உங்க சென்டர் தர்ற கோர்ஸ் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டைப் போடுங்க.

சிசிஎன்ஏ-வை, கோர்ஸ் எதைப் பத்தினதுன்னு சொல்ற 'அபவுட்' ப்ராப்பர்ட்டிக்குள்ள கொண்டு போங்க. அதுக்கு டைப்பா அந்த நீளப் பேர் கிரெடென்ஷியலைக் குடுங்க, யூஆர்எல்லா சிஸ்கோவோட சிசிஎன்ஏ பக்கத்தைக் குடுங்க. உங்க பக்கத்தைக் குடுத்துடாதீங்க. வேலைக்கு ஆள் தேடுறவரும் தன்னோட வேலை விளம்பரத்துக்கான 'ஜாப் போஸ்டிங்' டைப்ல அதே யூஆர்எல்லைக் காட்டினா, நீங்க சொல்லித்தர்றதும் அவர் கேக்குறதும் ஒண்ணுதான்னு மெஷினுக்குப் புரியும். இவ்வளவு மெனக்கெடுறதே அதுக்குத்தான்.

கிரெடென்ஷியல்ல, எவ்வளவு நாள் செல்லும்னு சொல்ற 'வேலிட் ஃபார்'னு ஒண்ணு இருக்கு, நிறைய பேர் விட்டுடுறாங்க. சிசிஎன்ஏ 3 வருஷம்தான் செல்லும். "மூணு வருஷம்"னு வாக்கியமா எழுதாதீங்க. பி, 3, ஒய், மூணையும் இடைவெளி இல்லாம சேர்த்து எழுதணும். தேதி, கால அளவு எழுதுறதுக்கான சர்வதேச முறையான ஐஎஸ்ஓ 8601 அது. அப்புறம் யாரு இதை ஏத்துக்கிறாங்கன்னு சொல்ற 'ரெகக்னைஸ்டு பை'ல பெரிய பெரிய கம்பெனி பேரா அடுக்காதீங்க, ப்ளீஸ். அந்த கம்பெனியே ஏத்துக்கிறோம்னு சொல்லியிருந்தா மட்டும் போடுங்க.

இப்ப செக் பண்ற விஷயம். ஸ்கீமா சொல்றது சிசிஎன்ஏ-ன்னா என்னங்கிறதை. உங்க ஸ்டூடன்ட் பாஸ் பண்ணாரா இல்லையாங்கிறதை இல்லை. இந்த சர்டிபிகேட் என்கிட்ட இருக்குன்னு சொல்ற 'ஹேஸ் கிரெடென்ஷியல்' ப்ராப்பர்ட்டியைத் தன் பக்கத்துல யார் வேணும்னாலும் எழுதிக்கலாமே, யாரு கேக்கப் போறா? பாஸ் பண்ணவங்களுக்கு சிஸ்கோ, ஆன்லைன்ல சரிபாக்கக்கூடிய டிஜிட்டல் பேட்ஜை கிரெட்லிங்கிற தளம் வழியா குடுக்குது. அந்த லிங்க்கை ரெஸ்யூம்ல போடச் சொல்லுங்க, ஹெச்ஆர் கிளிக் பண்ணிப் பாத்துக்கட்டும். உங்க சென்டர் சர்டிபிகேட்டுக்கும் இப்படி வேணும்னா, டிஜிட்டல் பேட்ஜுக்கான பொது முறையான ஓப்பன் பேட்ஜஸ்ல குடுக்கலாம்.

எல்லாம் போட்ட பிறகு, தப்பு இருக்கான்னு பாக்க ஸ்கீமா டாட் ஆர்க்கோட வேலிடேட்டர்ல ஒட்டிப் பாருங்க. கூகுளோட ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்ல கிரெடென்ஷியல் பத்தி எதுவும் வரலைன்னா பயந்துடாதீங்க. அது கூகுள் தேடல்ல ஸ்பெஷலா காட்டுற சமாச்சாரத்தை மட்டும்தான் பாக்கும்.