நிற்கிற படமும் ஓடுகிற படமும்

(தஞ்சாவூரில் ஒரு திரைப்படச் சங்கத்தின் குறும்படப் பயிற்சி முகாமைத் தொடங்கிவைத்துப் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு எல்லா மின்விசிறிகளையும் ஓடவிட்டிருக்கும் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, நூலகத் துறையிலிருந்து வந்திருக்கும் அலுவலர் அவர்களே (உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசிவரை இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்), திரைப்படச் சங்கத்தின் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, கேமராவோடும் செல்போனோடும் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள். மகிழ்ச்சி. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு டப்பா சிலிக்கா ஜெல் வாங்கிக் கொடுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சினிமா எடுக்க விரும்புகிறவனுக்குப் புகைப்படப் பயிற்சி எப்படி உதவும் என்பது. ஐந்து விஷயங்கள் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். சட்டகம், வெளிச்சம், ஆட்களை நிறுத்துவது, எடுத்ததில் தேர்ந்தெடுப்பது, காத்திருப்பது. ஐந்துக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான். சுவர் இருந்தால்தான் சித்திரம். என்னோடு பழகியவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். பரவாயில்லை, இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன்.

சென்ற ஆண்டு முகாமில் எடுத்த குறும்படங்களைச் செயலாளர் எனக்குப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் கேமரா நடக்கிறது, ஓடுகிறது, டிரோனில் ஏறிப் பறக்கிறது. ஏன் தம்பி என்று கேட்டால், "டைனமிக்கா இருக்கணும் சார்" என்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் ஒரு ரகசியம் உண்டு. கேமரா நகர்ந்துகொண்டே இருந்தால் சட்டகத்தின் குறை தெரியாது, அதற்குள் வேறு காட்சி வந்துவிடும். நின்றால் எல்லாம் தெரியும். கதாநாயகியின் தலைக்குப் பின்னால் முளைத்திருக்கும் விளக்குக் கம்பம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட கை, தேவையே இல்லாமல் மேலே கிடக்கும் கால்வாசி வானம், எல்லாம். புகைப்படம் எடுக்கிறவன் இந்தக் குறைகளிலிருந்து தப்பிக்க வழியில்லை. அதனால்தான் முதல் மாதம், கேமரா ஆடாமல் பிடிக்கிற ஜிம்பலைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸோடு தெருவில் இறங்குங்கள் என்கிறேன். ஜூம் வேண்டாம். கிட்டே வேண்டுமென்றால் கிட்டே போங்கள். ஒரு டீக்கடையை எடுத்துக்கொண்டு 36 படத்தில் அந்தக் கடையின் ஒரு நாளைச் சொல்லுங்கள். முப்பத்தேழாவது படம் கிடையாது. கார்டில் இடம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள்.

அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் இப்படித்தான் தொடங்கினார். 1945-இல், பதினாறு வயதில், அமெரிக்காவின் 'லுக்' பத்திரிகைக்குத் தன் முதல் புகைப்படத்தை விற்றார். பிறகு அங்கேயே புகைப்படக்காரர் வேலை. 1949-இல் ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றி அந்தப் பத்திரிகையில் படக்கட்டுரை செய்தார். 1951-இல் வெளியான அவருடைய முதல் குறும்படம் யாரைப் பற்றியது? அதே வீரரைப் பற்றித்தான். வரிசை எப்படிப் போக வேண்டும், எந்த முகத்தில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நிற்கிற படத்திலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். அதைத்தான் சுவர் என்கிறேன். நம் ஊரிலும் இயக்குநர் கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். அட்டைப் படங்கள், செய்திப் படங்கள் என்று அலைந்தவர், பிறகு ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஒளிப்பதிவாளராக முதல் படம் செய்தது 1994-இல். மலையாளப் படம். அதற்கே தேசிய விருது.

இன்னொன்று. இதை வெளிநாட்டில் தேட வேண்டாம். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ கேப்டன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858-இல் நம் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றனவே, நாம் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டே கடந்து போகிறோமே, அவற்றைப் படம் எடுக்க வேண்டும். நீளமோ நீளம். எந்த லென்ஸிலும் அடங்காது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கேமராவை நகர்த்தி நகர்த்தி வைத்துத் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்கள். அவற்றை ஒட்டினால் ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படம். ஒவ்வொரு முறையும் சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் மாறக் கூடாது, உயரம் மாறக் கூடாது, வெளிச்சம் ரொம்ப மாறக் கூடாது. மாறினால் ஒட்டாது. கேமராவைத் தண்டவாளத்தில் உருட்டி டிராலி ஷாட் எடுக்கிற தம்பிக்கு நான் சொல்வது புரியும். சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் டிக்கெட் போட்டுப் படம் காட்டியது 1895-இல். அதற்கு 37 வருஷம் முன்னாலேயே ஒருவர் நம் ஊரில் நின்ற படத்தால் டிராலி ஷாட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இங்கே சுவர் இருந்தது, அதனால் சித்திரமும் வந்தது. கைதட்டலுக்கு நன்றி. அது டிரைப்புக்குப் போகட்டும்.

அடுத்து வெளிச்சம். சுப்ரதா மித்ரா என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பின்னால் ஒரு கை தெரிகிறது, பேராசிரியர் கை. சத்யஜித் ரேயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியபோது மித்ராவுக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. அதற்கு முன் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. ஆனால் புகைப்படம் தெரியும். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் கல்கத்தா பக்கம் படப்பிடிப்பு நடத்தியபோது போய் வேடிக்கை பார்த்தவர். சும்மா பார்க்கவில்லை. எந்த விளக்கு எங்கே, எந்தக் கோணத்தில், கேமரா எங்கே என்று படம் வரைந்து குறித்துக்கொண்டவர், புகைப்படமும் எடுத்துக்கொண்டவர். அப்புறம் 1956-இல் வந்த ரேயின் 'அபராஜிதோ'வில் பனாரஸ் வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட வேண்டியிருந்தது. முற்றத்தில் விழுவது வானத்து வெளிச்சம், அதற்கு நிழலே இருக்காது. மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பியது வானத்து வெளிச்சம். இன்று நீங்கள் தெர்மோகோல் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அந்த வித்தை.

வெளிச்சத்தைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பாட்டியின் பழைய ஸ்டூடியோ படத்தை எடுத்து, லென்ஸ் வைத்துக் கண்மணியைப் பாருங்கள். அதில் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தால் ஜன்னல் வெளிச்சம். வட்டமாக இருந்தால் விளக்கு. சதுரம் இடது மேல்மூலையில் இருந்தால் ஜன்னல் கேமராவுக்கு இடப்பக்கம், ஆளைவிட உயரத்தில் இருந்திருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முன் அந்த அறை எப்படி இருந்தது என்று பாட்டியின் கண்ணே சொல்லிவிடும்.

இப்போது மூன்றாவது, ஆட்களை நிறுத்துவது. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். தலைவர் அனுமதிக்க வேண்டும். அனுமதித்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடி. திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். ஒரு ரோலுக்கு 12 படம், மொத்தம் மூன்று ரோல் என்று பேசி முன்பணம் வாங்கியாகிவிட்டது. நாலாவது ரோலை முதலாளி சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே போட மாட்டார். மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை 35 படம் முடிந்தது. மிச்சம் ஒன்று. அந்த ஒன்றில் குரூப் போட்டோ. அறுபது பேர். முன்னால் ஜமக்காளத்தில் குழந்தைகள், அடுத்து நாற்காலி, அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள், கடைசியில் பெஞ்ச் மேல் ஏறி நிற்கிறவர்கள். எல்லாம் தயார். மாப்பிள்ளையின் பெரியப்பாவை மட்டும் காணோம்.

பார்த்தால் வேப்பமரத்தடியில் துண்டை உதறிக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்துவிட்டாராம். "இந்த வீட்டு மூத்தவன் நான். எனக்கு நாற்காலி இல்லாத போட்டோ எனக்கு எதுக்கு?" தாய்மாமனோ எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். அவருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறதே! பெண்ணின் அப்பா கையைப் பிசைகிறார். இதற்குள் தென்னை நிழல் மெதுவாக நகர்ந்து வருகிறது, இன்னும் பத்து நிமிஷத்தில் மணப்பெண்ணின் முகத்தில் விழும். விழுந்தால் படம் போச்சு.

முதலாளி கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போனார். கைகூப்பினார். "ஐயா, உங்களை முன்னால உட்காரவைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா உங்க உயரத்துக்கு நீங்க உட்காரக் கூடாது. பெரிய கோயில்ல விமானம் முன்னாலயா இருக்கு? பின்னாலதானே நிக்குது? நீங்க பின்னால நடுவுல நின்னாத்தான் இந்தப் படத்துக்கே ஒரு எடுப்பு வரும்." பெரியப்பா துண்டைத் தோளில் போட்டார். விறுவிறுவென்று வந்து பெஞ்ச் மேல் ஏறி நின்றார். அதற்குப் பிறகு அவர்தான் மற்றவர்களை அதட்டுகிறார், "நேரா நில்லுங்கடா!"

அடுத்த சிக்கல் பாட்டி. கிளிக் என்று கேட்டால் கண்ணை மூடிவிடுவார். முதலாளி எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். அறுபது பேரும் மூடினார்கள். "மூணு சொன்னதும் திறங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு!" அறுபது ஜோடிக் கண்ணும் பளிச்சென்று திறந்தன. கிளிக். ரோல் முடிந்தது. நிழல் அப்போதுதான் பெண்ணின் தோளைத் தொட்டது.

ஒரு மாதம் கழித்துப் பெரியப்பா ஸ்டூடியோவுக்கே வந்தார். பிரிண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். எங்களுக்கு உதறல். நிமிர்ந்து சொன்னார்: "எல்லாம் சரி. இதுல என்னை மட்டும் வெட்டிப் பெரிசு பண்ணிக் குடு, கண்ணாடி போட்டு மாட்டணும்."

சிரித்து முடித்துவிட்டீர்களா? நல்லது. ஓர் இயக்குநர் செட்டில் செய்வதெல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. நடிகரின் மனத்தாங்கல், வெயில் நகர்வது, மிச்சம் இருக்கிற பிலிம், யார் எங்கே நின்றால் கண் எங்கே போகும் என்பது. ஸ்டில் எடுத்தவர்கள் எல்லாம் பெரிய இயக்குநர் ஆகிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அழகழகான காலண்டர் தாள்களை வரிசையாக ஒட்டியது போலப் படம் எடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. நேரம் ஓடுவதை நிற்கிற படம் கற்றுத் தராது, அதை வேறு இடத்தில்தான் கற்க வேண்டும்.

கதைக்கு மிச்சம் இருக்கிறது. அந்தப் பெரியப்பாவை வெட்டிப் பெரிதாக்கினோம். அறுபது தலைகளில் ஒரு தலை, ஆனாலும் மீசை முடி எண்ணலாம், அவ்வளவு நல்ல நெகட்டிவ். அவர் இறந்தபோது அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். அண்மையில் அவருடைய பேத்தி என்னைத் தேடி வந்தார். வீட்டில் தண்ணீர் புகுந்து படம் வீணாகிவிட்டது, நெகட்டிவ் கிடைக்குமா என்று கேட்டார். எங்கே கிடைக்கும்? டிஜிட்டல் வந்து ஸ்டூடியோ மூடி, கட்டடம் கைமாறியபோது, முப்பது வருஷத்து நெகட்டிவ் மொத்தமும் எடைக்குப் போய்விட்டது. நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது அல்லவா, கரைத்து எடுத்துவிடுவார்கள். அதற்கும் முந்தைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிவிட்டு வெறும் கண்ணாடியாகப் பயன்படுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன், கடை வாடகையே கொடுக்க முடியாத நிலையில் இருந்தவர். ஆனால் சுவரையே இடித்து விற்றுவிட்டு, இந்தப் பிள்ளைகளைச் சித்திரம் எழுது என்றால் எப்படி?

நூலக அலுவலர் அவர்களே, இதோ உங்கள் வேலை. மாவட்ட நூலகத்தில் ஓர் அறை. பெரிய அறை வேண்டாம், ஓதம் ஏறாத அறை. ஓர் ஏ.சி., ஒரு ஸ்கேனர், இரும்பு அலமாரிகள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள மேலே சொன்ன சிலிக்கா ஜெல். மூடப்போகிற, மூடிய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களை அங்கே கொண்டுவந்து வைப்போம். இது நடக்காத காரியம் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் போய் டிஜிட்டல் செய்திருக்கிறது. ஸ்டில் கேமராவோடு சினிமாவுக்குள் வந்த பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த படங்களையும் தகவல்களையும் தமிழ்நாடு அரசே வாங்கியது. சினிமாக்காரர்கள் படத்துக்குக் கிடைத்த மரியாதை நம் பெரியப்பாக்கள் படத்துக்குக் கிடைக்கக் கூடாதா? வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, ஸ்கேனர் செலவு உங்கள் பக்கம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்ய ஆள்? இந்த முகாமில் இருக்கிற நீங்கள்தான். வாரம் ஒரு மாலை. நூறு நெகட்டிவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவனுக்கு நான் வெளிச்சம் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான்காவது, ஐந்தாவது விஷயங்களும் அங்கேயே கிடைத்துவிடும். தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டில் பழைய நெகட்டிவ் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெள்ளைக் காகித உறையில் போடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், விரல் படக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போது காடி (வினிகர்) வாடை அடித்தால் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துவிட்டு உடனே என்னிடம் சொல்லுங்கள். காளான் பூத்திருந்தால் துணியால் துடைக்காதீர்கள், படமும் சேர்ந்து வந்துவிடும். மாவட்ட ஆட்சியருக்குப் போகிற மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழிதான். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அதைக் கொண்டுபோய்விடாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.