ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(கும்பகோணத்தில், வீட்டிலிருந்தே இணையம் வழியாக வியாபாரம் செய்பவர்களின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே! மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலி போடுவதிலிருந்து மைக் கட்டுவது வரை பார்த்துக்கொண்ட செயலாளர் அவர்களே! முன்னிலை வகிக்கும் மாவட்டத் தொழில் மைய அலுவலர் அம்மா அவர்களே! வங்கி மேலாளர் அவர்களே! வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஈரக்கையோடு நேராக வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! சுயஉதவிக் குழுத் தாய்மார்களே, தம்பி தங்கைகளே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

அலுவலர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றி கெட்டவன் ஆவேன். போன மாதம் எங்கள் கிராமத்துக் குழுக் கூட்டத்துக்கு வந்தார்கள். நாற்காலி போட்டோம். வேண்டாம் என்று பாயில் எங்களோடு உட்கார்ந்துகொண்டு, "சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு அரசாங்கத்தில் கட்டணமே கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்" என்று மூன்று முறை சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் ஊரில் பதினோரு பெண்களுக்குப் பணம் மிஞ்சியது. அம்மா, நன்றி.

மேலாளர் அவர்களுக்கும் சொல்லவேண்டும். 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் இந்த ஊரில் தொடங்கியதுதான் இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கி. கணக்குக்கும் காசுக்கும் பேர்போன ஊரில் உட்கார்ந்திருக்கிறோம். மேடையில் எரிகிற விளக்கைப் பாருங்கள், நாச்சியார்கோவில் விளக்கு. காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்த்தது. அடி, தண்டு, தட்டம், பிரபை என்று கழற்றி மாட்டலாம். பார்சலில் அனுப்புவதற்கென்றே நம் முன்னோர் செய்துவைத்தது போல இருக்கிறது!

நான் முப்பத்தொரு வருஷம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்தவன். உரம், பயிர்க்கடன், நகைக்கடன், நாள்வழி, பேரேடு. வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. என் பாட்டி சொல்லிக்கொடுத்த ஒரு பழமொழியை வைத்துத்தான் முப்பத்தொரு வருஷமும் ஓட்டினேன்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இன்றைக்கும் அதுதான் பேச்சு.

அளப்பது நமக்குப் புதுசு இல்லை. 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோவிலின் சுவரைப் போய்ப் பாருங்கள். நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர், பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்று பெயர். ராஜராஜன் சாமிக்குக் கொடுத்ததையே நிறுத்துக் கொடுத்து, நிறுத்ததைக் கல்லில் வெட்டினான். சாமிக்கே அளந்து போட்ட மண் இது. நாம் கூரியர்காரரிடம் அளக்காமல் போடுகிறோம்.

நாலு விஷயம் சொல்லப் போகிறேன். படம், பெட்டி, விலை, திரும்பி வரும் பார்சல்.

படம் சீக்கிரம் முடிந்துவிடும். காலை வெளிச்சத்தில், வாசல் நிலைப்படியோரம் வைத்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஒரு காபி டபராவோ ஒரு கையோ இருக்கட்டும், வாங்குகிறவருக்கு அளவு தெரியவேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கவரில் தெரியட்டும். அவ்வளவுதான்.

பெட்டிக்கு வருகிறேன். இதற்கு ஒரு கதை உண்டு, கொஞ்சம் நீளம். தலைவர் மணி பார்க்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

எங்கள் தெருவில் ஒரு மருமகள். பி.காம் படித்த பெண். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. இவளும் மாமியாருமாகக் கூழ் வடாம், மோர்மிளகாய், சுண்டைவற்றல் போட்டு வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறார்கள். பங்குனி மாசம் அவர்கள் வீட்டில் விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு எரியும். அரிசிமாவும் ஜவ்வரிசியும் கொதிக்கிற கூழைக் கை நிறுத்தாமல் கிளறவேண்டும். நிறுத்தினால் அடிபிடிக்கும். பச்சைமிளகாய் அரைத்த விழுது, பெருங்காயம், இறக்கின பிறகு எலுமிச்சம்பழம். வெயில் ஏறுவதற்குள் மாடியில் நனைத்த வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, அச்சில் போட்டுப் பிழிவார்கள். காக்கைக்கு ஒரு கறுப்புக் குடையை விரித்துவைத்து, அது பக்கத்திலேயே மாமியார் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரிக்கவேண்டும். மறுநாளும் காயவேண்டும்.

ஒருநாள் அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு வந்தது. "மாமா, வியாபாரம் நல்லாத்தான் போகுது. கையிலே காசு நிக்கலே. எங்கே போகுதுன்னு தெரியலே" என்றது. நோட்டு இருக்கா என்று கேட்டேன். போனில்தான் இருக்கு என்றது. போனில் இருந்தது வரவு மட்டும். யுபிஐ-யில் வந்ததெல்லாம் வரிசையாக இருந்தது. செலவைக் காணோம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்தோம். அஞ்சு கிலோ வடாம் ஒரு ஈடு. கிலோ 320 ரூபாய், ஆக 1,600 வரவு. அரிசி, ஜவ்வரிசி, மற்ற சாமான் 480. கேஸ் 120. பெட்டி, கவர், டேப் 150. அதுவரைக்கும் 750 ரூபாய். பிறகு கூரியர் ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னேன். அங்கேதான் முதல் உடைப்பு தெரிந்தது.

வாடிக்கைக்காரரிடம் இரண்டு கிலோவுக்கான கூரியர் பணம் வாங்கியிருக்கிறாள். கூரியர்காரர் அஞ்சு கிலோவுக்குப் பணம் போட்டிருக்கிறார். ஏமாற்று இல்லை, அவர்கள் கணக்கே அப்படி. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்தான் கிலோ. தராசு எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வடாம் லேசு, இடத்தை அடைக்கும். அவள் பெட்டி 40-க்கு 30-க்கு 20. பெருக்கினால் 24,000. வகுத்தால் 4.8. காற்றுக்குக் கூரியர் கட்டியிருக்கிறாள்! ஒரு ஈட்டுக்கு 250 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கிறது.

பிழிந்த வடாமை நெருக்கினால் நொறுங்கும். அதனால் இலை வடாமுக்கு மாறினாள். வெற்றிலையைக் கவுளியாக, அதாவது கட்டாக, அடுக்குகிற மாதிரி அடுக்கி, 30-க்கு 25-க்கு 20 பெட்டியில் அதே இரண்டு கிலோவை அடக்கிவிட்டாள். 15,000, வகுத்தால் 3. அந்த மூன்று கிலோவுக்கான பணத்தை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு வாங்கினாள். இந்த அடுக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது மாமியார். கொடிக்கால் வீட்டில் பிறந்தவர். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் கைப்பழக்கம்.

இனி விலை. நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதைத்தான். மற்றவை குறைந்தாலும் பரவாயில்லை.

750-ம் 250-ம் போக மிச்சம் 600. "பரவாயில்லையே மாமா, அறுநூறு லாபம்" என்றது. இன்னும் ஒரு வரி பாக்கி என்றேன். "வேற ஒண்ணும் இல்லையே?" உன் கை, உன் மாமியார் கை என்றேன்.

மணியை எழுதினோம். கிளறிப் பிழிய இரண்டு பேருக்கும் நாலு நாலு மணி, எட்டு. காயவைத்து, உரித்து, காவல் இருந்தது நாலு. படம் எடுத்து, "விலை என்ன, எப்ப வரும்" என்ற கேள்விகளுக்குப் பதில் தட்டி, பெட்டி கட்டியது நாலு. பதினாறு மணி நேரம், அதாவது இரண்டு முழு நாள் வேலை. 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. இரண்டு நாளைக்கு 672. கையில் இருப்பது 600. லாபம் இல்லை தாயி, 72 ரூபாய் நட்டம்.

உள்ளே இருந்து மாமியார் வந்தார். "வீட்டு வேலைக்கு யாரு கூலி கேப்பா?" என்றார். "வீட்டுக்குப் பிழிஞ்ச வடாமா இது? ஊருக்கு அனுப்புற வடாம் இல்லையா?" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்ப எழுது" என்றார்.

அன்றைக்கு விலை 400 ஆனது. நாலைந்து வாடிக்கைக்காரர்கள் போனார்கள். போகட்டும். அஞ்சு கிலோவுக்கு 2,000 வரவு, 750 செலவு, 672 கூலி. மிச்சம் 578. இதுதான் லாபம்.

மணியை எழுதியதில் இன்னொன்றும் தெரிந்தது. பதில் தட்டுவதிலேயே பாதி நாள் போகிறது. வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியலைக் கேட்டலாக் ஆகப் போட்டாள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஆயத்தப் பதில் சேமித்தாள். பார்சல் திங்கள், வியாழன் மட்டும். சுண்டைவற்றலில் ஒரு மணி நேர வேலைக்கு வடாமைவிடக் கூடுதல் நிற்கிறது என்று நோட்டு சொன்னது. இந்த வருஷம் சுண்டை அதிகம் போட்டிருக்கிறாள். அளந்ததால் தெரிந்தது.

தாய்மார்களே, நீங்கள் டெல்டாக்காரர்கள், உங்களுக்கு இதை வேறு மாதிரி சொன்னால் உடனே புரியும். கல்லணையில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரன் வயல் முதலில் நிறையும். கடைமடையில் இருப்பவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உங்கள் வியாபாரத்தில் பணம் வரும்போது யார் தலைமடை? விற்பனைத் தளத்தின் கமிஷன், கூரியர், கேஸ், அட்டைப்பெட்டிக்காரர். எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு, கடைமடையில் நிற்பது உங்கள் கூலி. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. முறைப்பாசனம் வைக்கத் தெரிந்த ஊரில் இதற்கு ஒரு முறை வைக்கக்கூடாதா?

நம் பக்கத்துத் தொழில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது, நமக்கெல்லாம் பெருமை. தறியில் உட்கார்ந்தவருக்குக் கூலி உண்டு. வீட்டுக்குள் தறிக்கான நூலைத் தார் சுற்றிக் கொடுக்கிற மனைவிக்கு? கொடிக்காலில் இலை கிள்ளுகிறவருக்குக் கூலி உண்டு. திண்ணையில் கவுளி அடுக்குகிற அம்மாவுக்கு? எந்த நோட்டிலும் அவர்கள் பேர் கிடையாது. நோட்டில் இல்லாததால் விலையிலும் இல்லை. விலையில் இல்லாததால், இணையத்தில் நம்மிடம் "இன்னும் குறைக்கலாமே" என்று பேரம் பேசினால் நாமும் குறைத்துவிடுகிறோம். எதைக் குறைக்கிறோம்? கேஸ்காரர் குறைப்பதில்லை, கூரியர்காரர் குறைப்பதில்லை. அந்த அம்மாவின் ராத்தூக்கத்தைக் குறைக்கிறோம். எனக்கு இது ஆறவில்லை. இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அலுவலர் அம்மாவுக்கும் மேலாளர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடனுக்கு வருகிற திட்ட அறிக்கையில் இயந்திரத்துக்கு வரி இருக்கிறது, வாடகைக்கு வரி இருக்கிறது. குடும்பத்தாரின் உழைப்புக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். பேர் இருக்கவேண்டும்.

கூலியை எழுதினால் போதாது, எடுத்துவைக்கவும் வேண்டும். அந்தப் பெண் சனிக்கிழமை தோறும் மாமியாரின் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் அவருடைய பங்கைப் போடுகிறாள். அந்த அம்மாவின் கண்ணாடி, காதுப் பக்கம் உடைந்து கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடி, நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்தது. தை மாசம் ஒருநாள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "என் காசு" என்றார். அந்த இரண்டு வார்த்தையை அவர் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை.

திரும்பி வரும் பார்சலைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும்: பார்சல் திரும்பி வந்த நாளிலேயே, போன கூரியர் கட்டணத்தையும் வந்த கூரியர் கட்டணத்தையும் எழுதிவிடுங்கள்.

வாசலில் இடது பக்கம் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு, இருநூறு இருக்கிறது. காசு வேண்டாம். நானே கோடு போட்டது: தேதி, வரவு, செலவு, மணி, யார் கை, கூலி. "யார் கை" என்ற கட்டத்தில் "நாங்க" என்று எழுதாதீர்கள், பேரை எழுதுங்கள். மேஜையில் பேனா கட்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, காலையிலிருந்து இங்கே வருவதற்குள் வியாபாரத்துக்காக எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று எழுதிவிட்டுப் பிறகு எடுத்துப்போங்கள். மன்னார்குடி, திருவாரூர் பக்கம் போகிறவர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குப் பஸ் இருக்கிறது.