எடையைக் குறைப்போம், உலோகத்தை மாற்ற வேண்டாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தங்கமும் வெள்ளியும் விலை ஏறிக்கொண்டே போகும்போது, கையால் நகை செய்பவர் மாற்ற வேண்டியது உலோகத்தையா, செய்முறையையா? செய்முறையைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

பித்தளையில் செய்து முலாம் பூசினால் போதும் என்றார் எதிரணித் தலைவர். சாதாரண முலாம் என்பது மைக்ரான் கணக்கு. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தினமும் போடும் மோதிரத்தில், கண்ட இடத்தில் உரசும் உள்ளங்கைப் பக்கம்தான் முதலில் தேயும். அப்புறம் பித்தளை எட்டிப் பார்க்கும். வெள்ளி மோதிரம் அப்படியல்ல. அறுந்தால் பற்றவைக்கலாம், நெளிந்தால் நிமிர்த்தலாம், வேண்டாமென்றால் உருக்கி வேறு நகை செய்யலாம். வாங்கியவர் நம்மிடம் எதிர்பார்ப்பது அதைத்தானே?

சரி, விலைக்கு என்ன வழி? கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.மீ. கம்பியில் செய்த காது வளையத்தை 0.8 மி.மீ. கம்பியில் செய்தால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று தோன்றும். உண்மையில் 36 சதவீதம் மிச்சம். குறுக்களவு குறைந்தால் எடை அதன் வர்க்கக் கணக்கில் குறையும். மெலிந்த கம்பி வளைந்துவிடாதா? தீயில் காய்ச்சி மென்மையாக்கிய கம்பி வளையும். அதனால்தான் வடிவம் கொடுத்த பிறகு பட்டடையில் வைத்து மெல்லத் தட்டுகிறோம். அடி வாங்க வாங்க வெள்ளி இறுகும்.

இன்னொன்று, என் மனசுக்கு நெருக்கமானது: கோக்கும் உருண்டை மணி. 1 செ.மீ. குறுக்களவுள்ள கெட்டி வெள்ளி மணி சுமார் 5.5 கிராம். அதே அளவில், அரை மி.மீ. தகட்டை இரண்டு வட்டமாக வெட்டி, குழிவான அச்சில் தட்டிக் கிண்ணமாக்கி, வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்தால் ஒன்றரை கிராம்தான்! ஆனால் பற்றவைக்கும் பொடியை இணைப்பில் வைத்து, தீயை ஊதும் முன் ஊசித்துளை ஒன்று போட்டாக வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும். துளை போட மறந்து, ஒரு மணி என் கண்ணெதிரே வெடித்துப் பிளந்திருக்கிறது. இதையெல்லாம் பழகக் காலம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். பழகுவதற்குச் செம்புத் தகடு போதும். அங்கே மட்டும் எதிரணியின் மலிவு உலோகத்துக்கு என் முழு ஆதரவு உண்டு.

அரத்தால் ராவும்போது உதிரும் தூளையும் விட்டுவிடாதீர்கள். மடியில் தோல் கட்டிச் சேர்த்து, காந்தத்தால் இரும்பை நீக்கி, பற்றவைக்கும் பொடி கலந்ததைத் தனியே வைத்தால் சுத்தமான தூள் மறுபடி கம்பியாகும்.

நடுவர் அவர்களே, இதோ இரண்டு மணிகள், ஒன்று கெட்டி, ஒன்று கூடு. தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து எது எது என்று சொல்லுங்கள். அதையே தீர்ப்பாக ஏற்கிறேன். நன்றி, வணக்கம்.