நியூ ஆர்லியன்ஸில் பனி, கையில் துணிக்கூடை!

வணக்கம் மக்களே! ஜன்னலைக் காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தெற்கே இருக்கும் அதே நியூ ஆர்லியன்ஸேதான், நான் வியர்த்து வழிந்துகொண்டே வீடியோ போடும் அதே தெருதான். நேற்று, 2025 ஜனவரி 21, விமான நிலையத்தில் 8 அங்குலம் பனி! அதற்கு முன்பு 1963 டிசம்பர் 31 அன்று விழுந்த 2.7 அங்குலம்தான் அங்கே சாதனையாம். வகுப்பு இல்லை, ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் ஓடவில்லை, ஐ-10 நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள்.

சரி, முதலில் கையுறை பஞ்சாயத்து. கடையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. விலை 26 டாலர்! நம்ம காசில் 2,200 ரூபாய்க்கு மேல். விரலுக்கு 220 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையில் சாக்ஸ், அதற்கு மேல் ரொட்டி பாக்கெட் கவர், மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். உள்ளே ஒரு சொட்டு ஈரம் போகவில்லை. 26 டாலராம்!

அப்புறம் நேராக ஆடுபான் பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் ‘ஃப்ளை’ என்ற இடத்துக்கு. போன வருடம் கிராஃபிஷ் உரித்துத் தின்றோமே, அந்த ஆற்றங்கரை. இந்த ஊர் தட்டையான ஊர். சறுக்க வேண்டுமென்றால் மிசிசிப்பி வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரைதான் மலை. சறுக்குவண்டி யாரிடம் இருக்கிறது? அட்டைப்பெட்டி, காற்று மெத்தை என்று கிடைத்ததோடு ஊரே வந்திருந்தது. நான் துணிக்கூடையோடு போனேன். ஓட்டை ஓட்டையான கூடை பனியைக் கவ்விக்கொண்டு நகரவே மறுத்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றுமே சொல்லாமல் கறுப்புக் குப்பைப் பையை எடுத்து அடியில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான், சர்ரென்று கீழே! காலருக்குள் புகுந்த பனி முதுகு வரைக்கும் இறங்கியது. அத்தனை பேரும் கைதட்டினார்கள்!

1963 பனியைச் சின்னப் பையனாகப் பார்த்தவராம் அவர். மறுநாள் டுலேன் மைதானத்தில் நடந்த சுகர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கோட்டோரமெல்லாம் பனி குவிந்து கிடந்ததாம்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், முந்தின ராத்திரி! இங்கே வீடுகள் தரையிலிருந்து தூக்கிக் கட்டியவை, குழாயெல்லாம் வீட்டுக்கு அடியில் திறந்தபடி ஓடும். தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும் என்று ராத்திரி முழுக்கக் குழாயைச் சொட்டவிடச் சொன்னார் வீட்டுக்காரம்மா. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கி வளர்ந்தவளுக்குத் தூக்கம் வருமா? வாளி வைத்துப் பிடித்தேன். இப்போது குளியலறை முழுக்க வாளி.

சரி, கரைக்கு வருவோம். அங்கே ஒரு அக்கா பாத்திரம் நிறையப் புதுப் பனியை அள்ளி, கண்டென்ஸ்டு மில்க்கும் வெனிலாவும் ஊற்றிக் கிளறி, “சாப்பிடு பேபி” என்று நீட்டினார். அருமை! கூடவே ஒரு துண்டு கிங் கேக், உள்ளே ஒரு குட்டிப் பொம்மையை ஒளித்து வைக்கும் மார்டி கிரா திருவிழாக் காலத்துக் கேக். ஊதா, பச்சை, தங்கக் கலர் சர்க்கரை தூவியது. எனக்கு அது பிடிக்காது, திகட்டும், ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். மரியாதைக்குக் கடித்தால் பல்லில் பிளாஸ்டிக் பொம்மை! பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்கள்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். பார்த்த கேக் ஒவ்வொன்றும் 30 டாலர். கையுறையே வாங்கியிருக்கலாம் போல!