ஐம்பதாவது எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு தாளம் சொல்கிறேன். நீராவி எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர் இருந்தால், பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் புகைபோக்கி நாலு முறை மூச்சு விடும். தகதிமி, தகதிமி. ரயில் விளையாட்டில் குழந்தைகள் ‘சிக்குபுக்கு’ என்று ஓடுவதும் அந்தக் கணக்குதான். மூன்று சிலிண்டர் வைத்தால் கணக்கு மாறிவிடும், ஒரு சுற்றுக்கு ஆறு மூச்சு. தகிட தகிட, தகிட தகிட. மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இது திஸ்ரம் என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் அப்படித் திஸ்ரத்தில் ஓடிய எஞ்சின் வகை ஒன்று, ஒன்றுகூட மிச்சமில்லாமல் பழைய இரும்பாகிப் போனது. பிறகு வரைபடத்தை வைத்துக்கொண்டே ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். அதன் கதையைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வகையின் பெயர் ஏ1. வடிவமைத்தவர் ஆர்தர் பெப்பர்கார்ன். லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் கடைசித் தலைமை மெக்கானிக்கல் எஞ்சினியர். 1948, 49 ஆகிய இரண்டு வருடங்களில், டான்காஸ்டரிலும் டார்லிங்டனிலுமாக 49 எஞ்சின்கள் செய்தார்கள். இயக்கும் சக்கரம் ஒவ்வொன்றும் ஆறடி எட்டங்குலம், அதாவது நம்மில் உயரமான ஆளுக்கும் மேலே. லண்டனிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்து போகும் பாதையில் கனமான எக்ஸ்பிரஸ்களை இழுத்தவை இவை. ஆனால் பிறந்த நேரம் சரியில்லை. பதினைந்து வருடத்துக்குள் டீசல் வந்துவிட்டது. கடைசியாக மிஞ்சிய ‘செயின்ட் மங்கோ’வை வாங்கிக் காப்பாற்ற ஒரு முயற்சி நடந்தது, கைகூடவில்லை. 1966இல் அதையும் உடைத்துவிட்டார்கள்.

1990இல் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கி, ‘ஒன்றைப் புதிதாகக் கட்டுவோம்’ என்றார்கள். சிரித்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். பணத்துக்கு அவர்கள் வைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பைண்ட் பீர் விலையைக் கொடுங்கள். அன்றைய விலைக்கு ஒன்றேகால் பவுண்டு. நம் ஊரில் கேட்டால் டீக்காசு என்று கேட்டிருப்பார்கள். அந்தச் சில்லறை, கடன் பத்திரம், நிறுவனங்களின் உதவி எல்லாம் சேர்ந்து கடைசியில் சுமார் முப்பது லட்சம் பவுண்டு ஆனது. காலம் பதினெட்டு வருடம்.

நான் ரயில்வேக்காரன் இல்லை, லேத் பட்டறைக்காரன். இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வரைபடம். யார்க் நகரத்து தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் ஏ1-இன் மூல வரைபடங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அப்படியானால் வேலை பாதி முடிந்தது என்று தோன்றும். பட்டறையில் நின்றவனுக்கு அப்படித் தோன்றாது.

தொழில் பழகிய முதல் வருடம் என்னிடம் ஒரு பம்பு ஷாஃப்டுக்கு கன்மெட்டல் புஷ் கடையச் சொன்னார்கள். புஷ் என்றால் ஷாஃப்ட் உள்ளே சுழலும் உலோக உறை. வரைபடத்தில் போட்ட அளவுக்கு முடிக்குமுடி கடைந்து, பெருமையாக மைக்ரோமீட்டரோடு கொண்டுபோய் நீட்டினேன். மேஸ்திரி மைக்ரோமீட்டரைப் பார்க்கவே இல்லை. புஷ்ஷை ஷாஃப்டில் செருகினார், இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். “இன்னும் ரெண்டு தவு எடுடா தம்பி. ஓடினா சூடாகும், பிடிச்சுக்கும்” என்றார். தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இரண்டு தவு வரைபடத்தில் இல்லை. அவர் விரலில் இருந்தது.

ஏ1 விஷயத்தில் அந்த விரல்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றிருந்தன, அல்லது இல்லாமல் போயிருந்தன. பெப்பர்கார்னே 1951இல் காலமாகிவிட்டார். வார்ப்புக்கான அச்சுகள் கிடையாது. வரைபடத்தில் குறித்த எஃகு ரகங்களின் பெயர்கள் பல இன்றைய பட்டியலில் இல்லை. இதற்கு இன்று எது ஈடு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அளந்து பார்க்க ஒரு பழைய எஞ்சின்கூட நிற்கவில்லை. பெப்பர்கார்னின் இன்னொரு வகையான ஏ2-இல் ‘புளூ பீட்டர்’ என்ற ஒன்று தப்பியிருந்தது. தம்பியைப் பார்த்து அண்ணன் முகத்தை ஊகிப்பது மாதிரி, அதனால் கொஞ்சம் உதவி.

1994இல் லீட்ஸில் எஞ்சினின் அடிச்சட்டத்துக்கான எஃகுத் தகடுகளை வெட்டினார்கள். சக்கரங்களை ஷெஃபீல்டில் வில்லியம் குக் நிறுவனம் வார்த்துக் கொடுத்தது. ரயில் சக்கரம் ஒரே வார்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மாதிரிச் சக்கரத்துக்கு வெளியே ஓர் எஃகு வளையம் தனியாக உண்டு. அதைச் சூடாக்கினால் விரியும், சக்கரத்தை உள்ளே இறக்கி ஆறவிட்டால் இறுகக் கவ்விக்கொள்ளும். எங்கள் ஊர்க் கொல்லர் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு பட்டா போட்டது இதே வித்தைதான். வரட்டியை வட்டமாக அடுக்கி, பட்டாவைச் செந்தணலாகக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தில் மாட்டுவார்கள். மரம் கருகிப் புகையும், உடனே தண்ணீர். அந்தச் ‘சுர்ர்’ சத்தம் கேட்க நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் நிற்போம்.

சரி, பாய்லருக்கு வருகிறேன். உண்மையான சோதனை அதுதான். சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் இவ்வளவு பெரிய ரயில் பாய்லரைக் கட்டித்தர பிரிட்டனில் ஆள் கிடைக்கவில்லை. ரயிலைக் கண்டுபிடித்த தேசத்தில்! கடைசியில் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனைக்குப் போனார்கள். கிழக்கு ஜெர்மனியில் நீராவி எஞ்சின் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்ததால் அங்கே கை பழகியவர்கள் மிஞ்சியிருந்தார்கள். பழைய ஏ1 பாய்லரில் நெருப்பு எரியும் அறை செம்பு, இணைப்பெல்லாம் ரிவெட். அந்த அறையைத் தமிழில் ‘தீப்பெட்டி’ என்று சொல்ல ஆசைதான், பையில் போடும் சமாசாரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். புதியது முழுக்க எஃகு, முழுக்க வெல்டிங். 2006 ஜூலையில் பாய்லர், எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்த டார்லிங்டனுக்கு வந்து சேர்ந்தது. 2008 ஜனவரியில் அதில் முதல் நெருப்பை மூட்டியவர் டோரத்தி மேதர். பெப்பர்கார்னுக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்த அவருடைய மனைவி.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி எஞ்சின் தன் காலில் நகர்ந்தது. பெயர் ‘டோர்னாடோ’, வளைகுடாப் போரில் பறந்த விமானத்தின் நினைவாக. முதலில் வெறும் சாம்பல் பூச்சோடுதான் ஓடியது. பச்சைப் பெயின்ட் அப்புறம்.

இதை ‘நகல்’ என்று சொன்னால் அந்த அறக்கட்டளைக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பழைய எஞ்சின்களின் எண்கள் 60114இல் தொடங்கி 60162இல் முடிந்தன. இதற்கு அவர்கள் கொடுத்த எண் 60163. அதாவது ஐம்பதாவது ஏ1, கொஞ்சம் தாமதமாகப் பிறந்தது, அவ்வளவுதான். முதலில் எனக்கு இது வக்கீல் பேச்சாகப் பட்டது. வெல்டிங் பாய்லர், கேபினுக்குள் ரேடியோ, தானாக வண்டியை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி, வேகத்தைப் பதியும் பெட்டி, அதற்கெல்லாம் மின்சாரம். பழைய எஞ்சின் ஓடும்போதே தண்டவாளத்துக்கு நடுவே கட்டிய தொட்டியிலிருந்து தண்ணீரை அள்ளிக்கொள்ளும். இன்று அந்தத் தொட்டிகள் இல்லை, ஆகவே நிலக்கரி இடத்தைக் குறைத்து, 5,000 காலன் தண்ணீர் பிடித்ததை 6,200 காலனாக ஆக்கினார்கள். மேலே மின்கம்பி வந்துவிட்டதால் உயரத்தில்கூட ஓர் அங்குலம் குறைத்தார்கள்.

ஆனால் பழைய 49-ஐப் பாருங்கள். அவையும் ஒரே அச்சில் பிறக்கவில்லை. 60153 முதல் 60157 வரை ஐந்துக்கு மட்டும் ரோலர் பேரிங் போட்டுப் பார்த்தார்கள்; நன்றாக ஓடின. புதியதிலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். பெப்பர்கார்ன் உயிரோடு இருந்து ஐம்பதாவதைச் செய்திருந்தாலும் எதையாவது மாற்றியிருப்பார். நம் ஊர்க் கோயிலில் தேர் உளுத்துப்போய்ப் புதுத் தேர் செய்தால் அதை யாராவது நகல் என்கிறோமா? வடம் பிடித்து இழுக்கிறோம். இப்போது நான் அவர்கள் பக்கம்.

அது ஓடிய ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரி 31இல் யார்க்கிலிருந்து நியூகாசிலுக்கு முதல் பயணிகள் ரயிலை இழுத்தது. அந்த டிசம்பரில் பனி கொட்டி மின்சார ரயில்கள் நின்றபோது, லண்டன் விக்டோரியா நிலையத்தில் தவித்தவர்களில் நூறு பேர் அளவில் ஏற்றிக்கொண்டு போனது, பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 2017 ஏப்ரலில் ஒரு சோதனை ஓட்டத்தில் மணிக்கு நூறு மைலைத் தொட்டது. கோளாறும் உண்டு. பாய்லரில் பழுது கண்டு மறுபடி ஜெர்மனிக்கு அனுப்பி 2011இல்தான் திரும்பி வந்தது. 2018 ஏப்ரலில் நடுச் சிலிண்டரின் வால்வு இயக்கத்தில் ஏதோ உடைந்து, நடுவழியில் நின்றது. எல்லாம் சரியாகவே ஓடியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நம் பக்கமும் இந்த வேலை நடந்திருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்துவந்த எக்ஸ் வகை எஞ்சின்களின் வழியில், திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் புது எஞ்சின்களைக் கட்டினார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடுவதும் வந்தது. ஒரே வித்தியாசம், பொன்மலைக்காரர்களுக்குப் பழைய எஞ்சின் கண் முன்னால் மலையேறிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்க்கலாம், ஓட்டுகிறவரைக் கேட்கலாம்.

டார்லிங்டன்காரர்கள் அத்தோடு ஓயவில்லை. அடுத்து பி2 என்ற வகையைக் கையில் எடுத்தார்கள். 1930-களில் நைஜல் கிரெஸ்லி செய்தது, மொத்தம் ஆறே ஆறு. எடின்பரோவிலிருந்து அபர்டீனுக்குப் போகும் வளைவும் ஏற்றமுமான பாதைக்கு, எட்டு இயக்கும் சக்கரங்களோடு. அதன் வளைந்த அச்சு முறிகிற தொல்லை இருந்தது, போர்க்காலத்தில் ஆறையும் பிரித்து வேறு உருவமாக மாற்றிவிட்டார்கள். இந்த முறை கணினியில் முதலில் ஓட்டிப்பார்த்து, அந்த அச்சு ஏன் முறிந்தது என்று தேடிய பிறகே இரும்பைத் தொடுகிறார்கள். பழைய ஆறின் எண்கள் 2001 முதல் 2006 வரை. புதியதற்கு என்ன எண் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதற்கும் மூன்று சிலிண்டர். தகிட தகிட.

வணக்கம்.